அம்மாவுக்கு ஆகாத மாத்திரை

அனுப்புநர்:
பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி
(பெயரும் முகவரியும் எழுதாததற்குக் காரணம் முதல் பத்தியில் உள்ளது.)

பெறுநர்:
மருத்துவக் கண்காணிப்பாளர் அவர்கள்,
பொது மருத்துவமனை.

பொருள்: என் தாயாருக்கு முன்பு உயிராபத்தான ஒவ்வாமையை உண்டாக்கிய எச்.ஐ.வி. மருந்து, வேறு நிற மாத்திரையில் மீண்டும் வழங்கப்பட்டிருப்பது – இன்று மாலைக்குள் மாற்றித் தர வேண்டுவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மனுவில் பெயர் எழுத வேண்டும் என்பது எனக்குத் தெரியும். பள்ளியில் விண்ணப்பம் எழுதும் பாடத்தில் முழு மதிப்பெண் வாங்கியவள் நான். ஆனால் என் பெயரை எழுதினால் அம்மாவின் பெயர் தெரிந்துவிடும். அம்மாவின் பெயர் தெரிந்தால் அவருடைய வேலை போய்விடும் என்று அவர் அஞ்சுகிறார். ஆகவே இந்த மனுவை அலுவலகத்தில் எவரும் உரக்க வாசிக்க வேண்டாம் என்றும், மருந்து கொடுக்கும் ஜன்னலுக்கு அனுப்பி வைக்க வேண்டாம் என்றும் முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன். தங்களிடம் நேரில் எல்லாவற்றையும் சொல்லுகிறேன்.

2. வீட்டில் நானும் அம்மாவும் மட்டுமே. அம்மா ஒரு பெரிய சலவை நிலையத்தில் இஸ்திரிப் பிரிவில் வேலை செய்கிறார். நீராவியில் நின்று நின்று அவருடைய விரல் நுனிகள் எப்போதும் சுருங்கியிருக்கும். அவர் எச்.ஐ.வி.க்கு மாத்திரை சாப்பிடுகிறார் என்பது அங்கே ஒருவருக்கும் தெரியாது. பைக்குள் பாட்டில் கிலுகிலுக்கக் கூடாதென்று அதன் வாயில் பஞ்சு அடைத்து வைத்திருப்பார். கேட்பவர்களிடம் சத்து மாத்திரை என்பார். "ஊர் வாய மூட ஒலமூடி ஏதுடி?" என்பது அவர் அடிக்கடி சொல்லும் பழமொழி.

3. நான்கு ஆண்டுகளுக்கு முன், நான் ஆறாம் வகுப்பில் படித்தபோது, வேறொரு மருத்துவமனையில் அம்மாவுக்கு முதன்முதலாக இந்தச் சிகிச்சை தொடங்கியது. கொடுத்த மாத்திரைகளில் ஒன்று மஞ்சள் நிறம். இரண்டாவது வாரத்தில் காய்ச்சல் வந்தது. பிறகு வாந்தி, உடம்பெல்லாம் தடிப்பு, மூச்சு வாங்கல். ஒரு வேளைகூட விடக்கூடாது என்று சொல்லியிருந்ததால் அம்மா காய்ச்சலோடு எழுந்து உட்கார்ந்து தவறாமல் மாத்திரை போட்டார். போடப் போட உடம்பு மோசமாயிற்று. கடைசியில் பக்கத்து வீட்டு அக்காவின் உதவியோடு மருத்துவமனையில் சேர்த்தோம்.

4. அங்கிருந்த பெண் மருத்துவர் உடனே அந்த மாத்திரையை நிறுத்தினார். அம்மா நினைவில்லாமல் கிடந்ததால் என்னைக் கூப்பிட்டு, "பாப்பா, இந்த மருந்து பேரு அபாகாவிர். எங்க, நீ சொல்லு பாப்போம்" என்றார். நான் சொன்னேன். மறுபடி சொல்லச் சொன்னார். "இந்தப் பேரு எந்த மாத்திரையில இருந்தாலும் சரி, அது எந்தக் கலரா இருந்தாலும் சரி, உங்கம்மா வாய்க்குள்ள போகவே கூடாது. இன்னொரு தடவ போச்சுன்னா ஒடம்பு தாங்காது" என்றார். அந்தப் பெயரை வாய்ப்பாடு போல மனப்பாடம் செய்தேன். எச்சரிக்கை அட்டை ஒன்றும் கொடுத்தார்கள். எப்போதும் பையில் வைத்திருக்க வேண்டும் என்றார்கள். யார் கண்ணிலாவது பட்டுவிடும் என்று அம்மா அதை அடுப்பில் போட்டுவிட்டார்.

5. பிறகு, அம்மாவோடு வேலை செய்பவருடைய தங்கை அந்த மருத்துவமனையில் சீட்டு எழுதும் வேலைக்குச் சேர்ந்தார். அன்றோடு அம்மா அங்கே போவதை நிறுத்திவிட்டு, இரண்டு பேருந்து மாறி இங்கே வரத் தொடங்கினார். பழைய காகிதம் ஒன்றையும் கொண்டுவரவில்லை. ஒத்துக்கொள்ளாத மருந்து ஏதாவது உண்டா என்று இங்கே கேட்டதற்கு, "ஒரு மஞ்ச மாத்திர ஒத்துக்கல" என்று மட்டும் சொன்னாராம். அவருக்குப் பெயர் நினைவில்லை. நான் அன்று பள்ளியில் இருந்தேன்.

6. இங்கே இதுவரை கொடுத்த மாத்திரை அம்மாவுக்கு ஒத்துக்கொண்டது. நேற்று முன்தினம், செவ்வாய்க்கிழமை, ரத்தப் பரிசோதனையில் சிறுநீரக அளவு சரியில்லை என்று மருத்துவர் அதை நிறுத்திவிட்டு வேறு மாத்திரை எழுதினார். அவர் செய்தது தவறு என்று நான் சொல்ல வரவில்லை. மஞ்சள் மாத்திரை என்றால் எந்த மாத்திரை என்று அவருக்கு எப்படித் தெரியும்? புதிய மாத்திரை கத்தரிப்பூ நிறத்தில் இருக்கிறது. மூன்று மருந்துகள் சேர்ந்தது.

7. தங்கள் மருந்து ஜன்னலுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய நீலக் குப்பைத் தொட்டி இருக்கிறது. தாங்கள் ஒருநாள் அங்கே நின்று பார்க்க வேண்டுகிறேன். மருந்து வாங்குகிறவர்கள் நகர்வதற்கு முன்பே அட்டைப்பெட்டியைக் கிழித்துத் தொட்டியில் போடுகிறார்கள். உள்ளே மடித்து வைத்திருக்கும் விவரத்தாளையும் எச்சரிக்கை அட்டையையும் அதோடு போடுகிறார்கள். பாட்டிலின் மேல் ஒட்டிய தாளை நகத்தால் சுரண்டுகிறார்கள். வீட்டுக்குப் போவது பெயரில்லாத மாத்திரை மட்டுமே. செவ்வாயும் புதனும் எனக்குத் தேர்வு விடுமுறை. செவ்வாயன்று அம்மாவுடன் வந்திருந்தேன். அம்மா போட்ட விவரத்தாளை நான் தொட்டியிலிருந்து எடுத்தேன். "குப்பைல கைய விடாதடி! அச்சடிச்ச காயிதத்தக் கண்டா போதும், இவளுக்குப் பசிகூட மறந்துடும்" என்று அம்மா திட்டினார். படித்துவிட்டுக் கிழித்துவிடுகிறேன் என்று சத்தியம் செய்து பையில் வைத்துக்கொண்டேன்.

8. வீட்டுக்கு வந்து அகராதியை வைத்துக்கொண்டு படித்தேன். மூன்று மருந்துகளின் பெயர்களில் முதல் பெயர் அபாகாவிர். முன்பு ஒவ்வாமை வந்தவர்கள் இதை மறுபடி உட்கொண்டால் சில மணி நேரத்திலேயே உயிருக்கு ஆபத்து வரலாம் என்று அதில் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறது. அப்போது அம்மா சமையலறையில் தண்ணீர்த் தம்ளரோடு நின்றிருந்தார். நான் ஓடிப்போய்ப் பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டேன். தம்ளர் கீழே விழுந்தது.

9. அம்மா நம்பவில்லை. "அது மஞ்ச, இது வேற. படிச்ச டாக்டரு தெரியாமலா எழுதுவாரு? நீ பத்தாவதுதானே?" என்றார். இருந்தாலும் பழைய காய்ச்சல் அவருக்கும் நினைவுக்கு வந்துவிட்டது என்று முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். அன்று மாத்திரை போடவில்லை. பழைய மாத்திரையும் தீர்ந்துவிட்டது.

10. நேற்று புதன்கிழமை இருவரும் ஜன்னலுக்கு வந்தோம். மருத்துவர் விடுப்பில் போயிருக்கிறார், திங்கட்கிழமைதான் வருவார் என்றார்கள். மருந்து கொடுப்பவரிடம் விவரத்தாளைக் காட்டினேன். அவர் அதை வாங்கிப் பார்க்கவில்லை. "ஏம்மா, ஒங்க பொண்ணு டாக்டரா?" என்று கேட்டார். அம்மா, பத்தாம் வகுப்பு என்றார். "அப்ப மொதல்ல பத்தாவது பாஸாகட்டும்" என்றார். வரிசையில் சிலர் சிரித்தார்கள். பிறகு அவர் எல்லோருக்கும் கேட்கும்படி, "சீட்டுல எழுதினதத்தான் நான் குடுக்க முடியும். இந்த மாத்திரைய ஒரு வேளகூட விடக்கூடாதும்மா, விட்டா கிருமிக்கு மருந்து பழகிடும், அப்புறம் எதுவும் கேக்காது" என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. அதனால்தான் எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது. எங்களுக்குப் பின்னால் நின்ற லாரி ஓட்டுநர் ஒருவர் மட்டும் மெதுவாக, "எனக்கும் ஒரு அட்ட குடுத்தாங்க பாப்பா, படிக்காமலே கிழிச்சிட்டேன். அதுல இதான் இருந்துச்சா?" என்று கேட்டார். பதில் சொல்வதற்குள் அம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

11. இருதலைக் கொள்ளி எறும்பு என்று தமிழ்ப் பாடத்தில் படித்திருக்கிறேன். தேர்வில் வாக்கியத்தில் அமைத்தும் எழுதியிருக்கிறேன். அதன் பொருள் எனக்கு நேற்றுதான் தெரிந்தது. போட்டால் ஒரு ஆபத்து, போடாவிட்டால் ஒரு ஆபத்து. இரண்டையும் சொன்னவர்கள் மருத்துவமனைக்காரர்கள். இரண்டும் உண்மை.

12. நேற்று மாலை அம்மா ஒரு முடிவுக்கு வந்திருக்கிறார். "பாதிய ஒடச்சுப் போட்டுப் பாக்கறேன். ஒத்துக்கிட்டா முழுசாப் போட்டுக்கறேன். நீயும் நிம்மதியா இரு, அந்த ஜன்னல்ல போய் நானும் இனிமே நிக்க வேண்டாம்" என்றார். ஐயா, கறிக்கு உப்பு பார்ப்பது போல அம்மா இதைச் சொல்லுகிறார். பாதியென்றால் ஆபத்தில்லை என்று விவரத்தாளில் எங்கேயும் இல்லை. நான் தேடித் தேடிப் பார்த்துவிட்டேன். நான் அழுததால், இன்று வேலை முடிந்து வரும் வரை பொறுப்பதாகச் சொல்லியிருக்கிறார். வந்ததும் பாட்டில் மேசைமேல் இருக்க வேண்டும் என்பது அவருடைய கட்டளை.

13. பாட்டில் என்னிடம் இருக்கிறது. ஒவ்வாமை உள்ளவர்கள் மீதி மாத்திரைகளைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று தாளில் போட்டிருப்பதால் பள்ளிப் பையில் வைத்து எடுத்து வந்திருக்கிறேன். இன்று நான் பள்ளிக்குப் போகவில்லை. இதற்கு முன் இப்படிச் செய்ததில்லை.

14. ஆகவே தங்களிடம் நான் வேண்டுவது:

விடுப்பில் இருக்கும் மருத்துவருக்காகக் காத்திராமல், வேறொரு மருத்துவர் இன்றே அம்மாவின் சீட்டைப் பார்த்து, அபாகாவிர் இல்லாததும் சிறுநீரகத்துக்குக் கெடுதல் செய்யாததுமான மருந்தை எழுதித் தர வேண்டும். செவ்வாயும் புதனும் விட்டுப்போனதற்கு என்ன செய்வதென்றும் சொல்ல வேண்டும்.

அம்மாவின் சீட்டில், திறந்தவுடன் கண்ணில் படும் இடத்தில், அந்த மருந்தின் பெயரை எழுதி, ஆகாது என்று குறிக்க வேண்டும். நிறத்தை எழுத வேண்டாம்.

எச்சரிக்கையை அட்டைப்பெட்டிக்குள் வைத்தால் அது தொட்டிக்குத்தான் போகிறது. மருந்து மாற்றுகிறவர்களை ஒரு அறைக்குள் கூப்பிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, வாயால் சொல்லி அனுப்ப வேண்டும். ஜன்னலில் உரக்கப் பேச வேண்டாம். அந்த லாரி ஓட்டுநருக்கும் யாராவது சொல்ல வேண்டும்.

மருந்து கொடுப்பவர் மேல் நடவடிக்கை எடுக்கும்படி நான் கேட்கவில்லை. அவர் கோபப்பட்டால் அம்மா இங்கேயும் வருவதை நிறுத்திவிடுவார். வேறு மருத்துவமனைக்கு மூன்று பேருந்து மாற வேண்டும்.

15. அம்மாவுக்கு ஐந்து மணிக்கு வேலை முடியும். அதற்குள் எனக்குப் பதில் கிடைக்காவிட்டால் பாட்டிலை நான் கொடுக்க மாட்டேன். அடித்தாலும் கொடுக்க மாட்டேன். நாளையும் கொடுக்க மாட்டேன். ஆனால் அப்படிக் கொடுக்காமலே இருந்தால், எந்த நாளிலிருந்து அம்மாவுக்கு ஆபத்து தொடங்கும் என்று எனக்குத் தெரியவில்லை. அது எந்தத் தாளிலும் எனக்குக் கிடைக்கவில்லை. தங்களுக்குத் தெரியும். தயவுசெய்து இதைப் படித்து முடித்ததும் கதவைத் திறந்து என்னைக் கூப்பிடுங்கள்.

இங்ஙனம்,
தங்கள் அறைக்கு எதிரில், பெஞ்சின் ஓரத்தில்
பள்ளிச் சீருடையில் உட்கார்ந்திருக்கும் மாணவி.

நாள்: வியாழக்கிழமை, முற்பகல்
இடம்: பொது மருத்துவமனை, முதல் மாடி