துருக்கி வீரன் எழுந்த சாயங்காலம்

மார்ஷ்கோம், டார்செட்
1844 டிசம்பர் 28

அன்பு மகள் லவீனியாவுக்கு அப்பா எழுதுவது. அம்மாவின் இருமலைத் தவிர இங்கே குறையொன்றுமில்லை, கனடாக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமாயிருக்கக் கர்த்தரை வேண்டிக்கொண்டே எழுதுகிறேன். ஏபெல் கல்குவாரியில் விழுந்து இறந்த வருஷத்தோடு வேஷம் கட்டி வீடு வீடாகப் போய் ஆடும் நம் ஊர்க் கிறிஸ்துமஸ் ஆட்டம் நின்றுபோனது உனக்குத் தெரியும், ஒன்பது வருஷமாயிற்று. இந்த வருஷம் பள்ளிக்கூட வாத்தியார் லண்டனிலிருந்து ஒரு புத்தகம் வரவழைத்தார், பழைய பண்டிகை வழக்கங்களையெல்லாம் யாரோ ஒரு கனவான் ஆசையாக எழுதியிருக்கிறார், நம் ஆட்டத்தின் வசனம்கூட அச்சில் இருக்கிறது. அதைப் படித்ததும் ஊருக்கே துடிப்பு வந்துவிட்டது, வீட்டுக்கு வீடு பச்சைக் கொப்பு கட்டினார்கள், நாங்களும் மறந்துபோன எங்கள் சொந்த வரிகளைப் புத்தகம் பார்த்து மனப்பாடம் பண்ணினோம். ஏபெல் கட்டிய துருக்கி வீரன் வேஷத்தை யாரும் தொடவில்லை, கடைசியில் செருப்புத் தைக்கும் சைலஸ் எடுத்துக்கொண்டான். செத்து விழுகிறவனை எழுப்பும் வைத்தியன் எப்போதும்போல் நான்தான்.

பண்டிகைக்கு முந்தின நாள், இருட்டத் தொடங்கும் நேரம், முகத்தைக் காகிதப் பட்டைகளால் மூடிக்கொண்டு ஏபெலின் மனைவி திர்சா வீட்டுக்குப் போனோம், அவளே வரச்சொல்லியிருந்தாள். சண்டையில் துருக்கி வீரன் விழுந்தான், நான் மருந்துக் குப்பியோடு குனிந்தேன். பட்டைகளுக்குள்ளிருந்து, "ஜோப், பாத்து எழுப்புடா, முதுகு பிடிச்சிருக்கு" என்று கேட்டது. அது புத்தகத்தில் இல்லாத வரி, லவீனியா. வருஷா வருஷம் ஏபெல் என் காதில் மட்டும் சொன்ன கிண்டல், உன் அம்மாவிடம்கூட நான் சொன்னதில்லை. ஓடிவிடலாமா என்றிருந்தது, திர்சா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்திரு என்று எப்படியோ சொன்னேன். எழுந்தான், அவளைப் பார்த்து ஒருமுறை தலை தாழ்த்தினான், வெளியே போய்விட்டான். பின்னாலேயே ஓடினோம், பாதையில் யாருமில்லை. நாங்கள் வந்த வழியில், பாலத்தடியில் சைலஸ் கணுக்கால் சுளுக்கிக் கிடந்தான், "எவ்வளவு நேரமா கத்துறேன், என்னை விட்டுட்டுப் போயிட்டீங்களே பாவிகளா" என்று திட்டினான்.

மறுநாள் கோயில் வாசலில் திர்சா என்னை நிறுத்தி, அவர் உங்க காதுல என்ன சொன்னார் என்று கேட்டாள். யார் என்று நானும் கேட்கவில்லை, சொன்னதைச் சொன்னேன். "செத்தும் அந்த மனுஷனுக்கு முதுகுவலி போகலையா" என்று சிரித்தாள், அந்தச் சிரிப்பு அப்படியே அழுகையாயிற்று.

அங்கேயும் வருகிற வருஷம் இந்த ஆட்டம் ஆடப்போவதாக எழுதியிருந்தாய், ஆடுங்கள் அம்மா. விழுந்து கிடப்பவன் முகத்துப் பட்டைகளை மட்டும் விலக்கிப் பார்க்க வேண்டாம், எழுந்திரு என்று சொல்லாமல் எவனையும் விட்டுவிடவும் வேண்டாம்.

கர்த்தர் உங்கள் கூரையையும் குழந்தையையும் காக்கட்டும். கம்பளிக் கையுறையை நனையவிடாதே.

உன் அப்பா,
ஜோப் லெக்