இளவரசர் நாற்காலி

அன்புள்ள அம்மா,

நான் சுகம். உன் இடுப்பு வலி குறைந்ததா? தினமும் நடக்கிறாயா?

அரண்மனையைச் சுற்றிக்காட்டும் வேலையில் இது மூன்றாவது வாரம், இன்னும் நிரந்தரமாகவில்லை. மரத்தரை கெடாமலிருக்க, வருகிறவர்கள் காலணிக்கு மேல் பெரிய கம்பளிச் செருப்பு மாட்டிக்கொள்ள வேண்டும். செவ்வாயன்று கொலோன் நகரத்திலிருந்து சுற்றிப்பார்க்க வந்த ஒருவர், "பனிச்சறுக்கு பாருங்க!" என்று வழுக்கிக்கொண்டே வந்து, நிற்க முடியாமல் என்மேல் மோதினார். நான் போய் விழுந்தது, யாரும் தொடவே கூடாத இளவரசர் நாற்காலியில்! நாற்காலிக்கு ஒன்றுமில்லை. என் கணுக்காலில் கொஞ்சம்தான் வீக்கம்.

வேலை போச்சு என்றே நினைத்தேன். மேலாளர் ஒட்டீலியே அம்மாள் முதலில் கூட்டத்தை வெளியே அனுப்பினார். பிறகு கதவைச் சாத்திவிட்டு, "எப்படிடி இருந்துச்சு?" என்றார்.

"கல்லு மாதிரி இருக்கு."

"இருபத்திரண்டு வருஷமா தூசி தட்டுறேன், ஒரு தடவைகூட உட்கார்ந்ததில்ல. தள்ளு!" தானும் உட்கார்ந்து பார்த்தார். "பாவம்டி அந்த இளவரசர்!"

கண்ணில் நீர் வரச் சிரித்தோம். இங்கே வந்தபிறகு நான் ஒருவரோடு சேர்ந்து சிரித்தது அன்றுதான்.

உன் சாம்பல்நிறக் கம்பளிக் காலுறையை அனுப்பு. துவைக்காமலே அனுப்பு, உன் வாசம் அதில் இருக்கட்டும்.

அடுத்த சுற்றுலாப் பேருந்து வந்துவிட்டது, கூப்பிடுகிறார்கள்.

உன் மகள்,
வீப்கே