பெண்கள் பக்கத்துப் பாய்

இறந்துபோன ஒருத்தியின் மேல் பொறாமைப்பட எனக்கு உரிமை உண்டா? மூன்று நாட்களாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். பதில் தெரியவில்லை. பொறாமை மட்டும் தெளிவாக இருக்கிறது.

மீரா ஒரு வீடியோ அனுப்பியிருந்தாள். டொரொண்டோவில் பதினான்கு வருடம் உன்னோடு குடித்தனம் நடத்தி, ஆறு மாதத்துக்கு முன் உனக்குக் கொள்ளியும் வைத்த அதே மீரா. வீடியோவில் ஒரு பெரிய ஹால், தரை முழுக்கக் கலர் பிளாஸ்டிக் பாய்கள். அவற்றில் சாய்ந்தும் படுத்தும் பெண்கள், புடவை கட்டிய ஆண்கள், ஆண் பெண் என்ற இரண்டு கட்டத்திலும் டிக் அடிக்காதவர்கள். மேடையில் பபூன் வேடத்தில் ஒருத்தி ஆடுகிறாள். ஹாலின் நடுவே ஒரு கயிறு. நீ தொடங்கிய 'பாய் நைட்' இன்னும் மாதம் ஒரு முறை நடக்கிறது என்று கீழே எழுதியிருந்தாள்.

அந்தக் கயிறு எதற்கென்று அங்கே யாருக்காவது தெரியுமா? இரண்டு பக்கமும் எல்லோரும் கலந்து கிடக்கிறார்கள்.

நாம் திருச்சியில் எம்.ஏ. படித்தபோது, நார்த்தாமலைக்குப் பக்கத்தில் உன் ஊர்த் திருவிழாவுக்கு என்னை அழைத்துப்போனாய். விடிய விடிய நாடகம். பெண்கள் மத்தியானமே வந்து பாய் விரித்து, மூலைக்கு ஒரு கல் வைத்து இடம் பிடித்துவிடுவார்கள். குறுக்கே கட்டிய கயிற்றுக்கு அங்கிட்டு ஆண்கள், இங்கிட்டுப் பெண்கள். வருடத்தில் மற்ற நாளெல்லாம் ஏழு மணிக்குள் வீடு திரும்ப வேண்டிய பெண்கள், அன்று ஒரு நாள் மட்டும் விடியும்வரை வெட்டவெளியில் இருக்கலாம். ஒரே போர்வைக்குள் இரண்டு பெண்கள் படுத்திருந்தால் பனி என்று நினைப்பார்களே தவிர, வேறு எதுவும் நினைக்கமாட்டார்கள்.

பக்கத்துப் பாயில் இருந்த அத்தை மட்டும் நம்மைக் கவனித்துவிட்டார். "ஏத்தா, ரெண்டு பேரும் கூத்துப் பாக்க வந்தீங்களா, போர்வைக்குள்ள கூத்து நடத்த வந்தீங்களா?" என்று கேட்டார். சுற்றிலும் சிரிப்பு. நான் கையை இழுத்துக்கொண்டேன். நீ இழுத்துக்கொள்ளவில்லை. "இது டிக்கெட் இல்லாத கூத்து அத்தே, நீங்க மேடையப் பாருங்க" என்றாய். எல்லோரும் மறுபடி சிரித்தார்கள், திரும்பிக்கொண்டார்கள். படிப்பு முடிந்த பிறகும் சேர்த்து, நான்கு வருடம் நான்கு திருவிழா. பிறகு உனக்கு விசா வந்தது. நீயும் வாடி என்றாய். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். கல்லூரியில் வேலை கிடைத்துப் புதுக்கோட்டையிலேயே இருந்துவிட்டேன். இன்றுவரை சொல்லவில்லை.

நீ போன புதிதில், அந்த ஊரில் நம்மைப் போன்றவர்களுக்கென்றே ஒரு தெரு இருப்பதாக எழுதினாய். ரோடு கடக்கும் கோட்டில்கூட வானவில் பூசியிருக்கிறார்கள் என்றாய். நான் நம்பவில்லை. பெயின்ட் அடிப்பதில் என்ன கஷ்டம் என்று பதில் போட்டேன். அடுத்த வருடம் நீயே போனில் சலித்துக்கொண்டாய். "போறேன், செவுத்து ஓரமா நிக்கிறேன், வாரேன். அங்க நமக்கு வாசல் இருக்கு, பாய் இல்லடி." எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். நீ திரும்பி வந்துவிடுவாய் என்று கணக்குப் போட்டேன்.

நீ வரவில்லை. அந்தத் தெருவை விட்டுப் பஸ் ஏறி ஊர் எல்லைக்குப் போனாய். மூடிய பிறகு மேசைகளை ஒதுக்கிவிட்டு ஆடும் தோசைக்கடை, வெள்ளிக்கிழமை மட்டும் பாட்டுப் போடும் பேட்மின்டன் கொட்டகை, கடைசியில் இந்த ஹால். ஒவ்வொன்றையும் எனக்கு விவரித்தாய். நான் இங்கே விடைத்தாள் திருத்திக்கொண்டு, கவனமாக, "நல்லது" என்று மட்டும் எழுதினேன். மீராமேல்கூட எனக்கு அவ்வளவு கோபம் இல்லை. நமக்கு மட்டும் என்று இருந்த ஒரே பாயை நீ இருநூறு பேருக்கு விரித்துவிட்டாய், அதுதான் பொறுக்கவில்லை.

நாளை மீரா வருகிறாள். உன் ஊரில் நாடகம் நடந்த அந்தப் பொட்டலைப் பார்க்க வேண்டுமாம். 'முதல் பாயில் அவளோடு இருந்தது யார் என்று கடைசிவரை சொல்லவே இல்லை. நீங்கள் அவளுடைய பழைய தோழி, உங்களுக்குத் தெரிந்திருக்கும்' என்று எழுதியிருக்கிறாள். நீ என்னைக் காப்பாற்றினாயா, கழற்றிவிட்டாயா? நான்தான் என்று சொன்னால் கடைசியாக என்னிடம் மிஞ்சியிருப்பதும் அவர்களுடைய மேடைக்குப் போய்விடும். சொல்லாவிட்டால் அந்தப் பாயில் நீ தனியாகப் படுத்திருந்ததாக ஆகிவிடும். தெரியாது என்று சொல்வதாகத்தான் இப்போதைக்கு முடிவு.

மறுநாள் நடந்தது இது. மீரா திருச்சியிலிருந்து கார் எடுத்து வந்தாள். நினைத்ததைவிடக் குள்ளம், முடி பாதி நரைத்திருந்தது. பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்க்கடையில் ஒரு கோரைப்பாய் வாங்கிக்கொண்டாள். காரிலேயே கேட்டாள். தெரியாது என்றேன். நம்பினாள்.

பொட்டலில் ஆள் இல்லை. நாடக மேடை இப்போது சிமென்ட். அவள் சுற்றிப் பார்த்துவிட்டு, வெயில் குறைந்த இடமாகத் தேர்ந்து பாயை விரித்தாள். அது ஆண்கள் பக்கம். வாயை மூடிக்கொண்டு நிற்க முயன்றேன். என்னால் முடியவில்லை. பாயைச் சுருட்டி எடுத்து, பெண்கள் பக்கமாக மேடையின் இடது மூலைக்குப் போய், அங்கே நின்ற வேம்பிலிருந்து எட்டடி தள்ளி விரித்து, உட்கார்ந்தேன்.

மீரா செருப்பைக் கழற்றிவிட்டு வந்தாள்.

"அவ எந்தப் பக்கம் படுப்பா?"

"வலது பக்கம்."

"அங்கயும் அப்படித்தான்" என்றாள்.

வலது பக்கத்தில் நான் உட்காரவில்லை, அவளையும் உட்கார விடவில்லை. பாய் சிறியது. என் இடது பக்கத்தில், பாதி பாயிலும் பாதி மண்ணிலுமாக அவள் உட்கார்ந்துகொண்டாள்.