கழுத்து முறிந்த வயலின்

மார்ச் 4, செவ்வாய்

பட்டறையைத் திறந்து, மரம் ஒட்டும் வஜ்ஜிரப் பசையை ஊறப் போட்டுக்கொண்டிருந்தேன். தங்கையின் வீட்டுக்காரர் வந்தார். கையில் தலையணை உறை. அதற்குள் அவளுடைய வயலின். கழுத்து தனியாக, உடல் தனியாக. மேல்பலகையில் நீளமாக இரண்டு விரிசல்.

“கை தவறி விழுந்துடுச்சு மச்சான். நான் கொண்டு வந்தேன்னு அவளுக்குத் தெரிய வேணாம்.”

யாருக்குக் காது குத்துகிறார்? முப்பது வருஷமாக உடைந்த வயலின்களோடுதான் குடித்தனம். கீழே விழுந்தால் மூலை நசுங்கும், விளிம்பு பெயரும். இது கழுத்தைப் பிடித்து ஓங்கி அடித்தது. யார் அடித்தது என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். வாங்கி வைத்துக்கொண்டேன்.

மார்ச் 6, வியாழன்

தங்கைக்குப் போன் செய்தேன். வாசிக்கிறாயா என்றேன்.

“எங்கண்ணா நேரம்?”

“குரலே சரியில்லையே?”

“ஒண்ணுமில்ல.”

பின்னால் அவர் செருமுவது கேட்டது. உடனே வைத்துவிட்டாள். சின்ன வயதிலிருந்தே அவள் ‘ஒண்ணுமில்ல’ என்றால் பெரிதாக ஏதோ இருக்கிறது. வயலினை அடித்தவன் அவளை அடிக்கமாட்டானா?

மார்ச் 9, ஞாயிறு

மேல்பலகையைத் திறந்தேன். முனை மழுங்கிய மெல்லிய கத்தியை விளிம்பில் விட்டு, கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்த வேண்டும். வஜ்ஜிரமாக இருந்தால் சொன்ன பேச்சைக் கேட்கும். ஆனால் விரிசல் நெடுகக் கடைப் பசை! செருப்புக்குப் போடுவார்களே, அது. வழிந்து, விரல் ரேகையோடு காய்ந்து கிடக்கிறது. ஒட்டி மறைக்கப் பார்த்திருக்கிறார். முடியாமல்தான் என்னிடம் வந்திருக்கிறார்.

கோபத்தில் கத்தியை ஒரு தள்ளு கூடுதலாகத் தள்ளிவிட்டேன். டக். புது விரிசல், ஒரு விரல் நீளம். அவர் செய்ததல்ல, நான் செய்தது. சீ, என்ன மனுஷன் நான்?

மார்ச் 10, திங்கள்

தொடவில்லை. முதலில் கோபம் தணியட்டும்.

மார்ச் 14, வெள்ளி

நாலு நாளாக லென்ஸை மாட்டிக்கொண்டு பசையைச் சுரண்டுகிறேன். மரம் ஒரு துணுக்கு போனாலும் விரிசல் மறுபடி ஒன்றுசேராது. பாதிக்கு மேல் முடித்துவிட்டேன்.

மதியம் அவர் வந்து, “எப்ப மச்சான் முடியும்?” என்றார். அவ்வளவுதான், சட்டைக் காலரைப் பிடித்துவிட்டேன். ஐம்பத்திரண்டு வயதில்!

“என் தங்கச்சி மேல கை வச்சியா?”

அவர் என் கையை விலக்கக்கூட இல்லை. “என்னை என்ன வேணா நினைச்சுக்கங்க. வயலினை மட்டும் பாதியில விட்டுடாதீங்க.”

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லையே! நாளைக்கே போய் அவளைக் கூட்டி வந்துவிடப் போகிறேன்.

மார்ச் 15, சனி

போனேன். அவள் மட்டும் இருந்தாள். “பெட்டியை எடு, கிளம்பு” என்றேன். முழித்தாள். வயலின் என்னிடம் இருக்கிறது, அவர் அடித்து உடைத்தது எனக்குத் தெரியும் என்றேன்.

“அவரா? நான்தாண்ணா அடிச்சேன். இதோ, இந்தச் சமையல் மேடையில.”

இடது கையை நீட்டினாள். சுண்டுவிரல் மூன்று மாதமாக மரத்துக் கிடக்கிறதாம். கடைசிக் கச்சேரியில் சுருதி விலகி விலகிப் போயிருக்கிறது. முன்வரிசையில் இரண்டு பேர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்களாம். வீட்டுக்கு வந்தவள் புடவைகூட மாற்றாமல் ஓங்கி அடித்திருக்கிறாள். நரம்பில் உணர்வு திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்கிறார் டாக்டர்.

“குப்பையில போடச் சொன்னேன். போட்டுட்டேன்னு சொன்னாரு.”

எப்படி உடைந்தது என்று மரத்தைப் பார்த்துச் சரியாகத்தான் சொன்னேன். யார் என்பதை நானாகச் சேர்த்துக்கொண்டேன். பெரிய நிபுணன்!

மார்ச் 16, ஞாயிறு

மாப்பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டேன். வெட்கமாக இருந்தது. “அவதான் உடைச்சான்னு வெளிய தெரிஞ்சா தாங்க மாட்டா. அதான் வாயைத் திறக்கல” என்றார். பசையைப் பற்றிக் கேட்டேன். அவள் அழுதுகொண்டே கிடந்தாளாம், அவருக்குத் தெரிந்த வைத்தியத்தைச் செய்தாராம். “நல்ல காலம், ஆணி அடிக்கல” என்றேன். அவரும் சிரித்துவிட்டார்.

மார்ச் 27, வியாழன்

மூன்று விரிசலையும் வஜ்ஜிரத்தால் கூட்டி, உள்பக்கம் சின்னச் சின்ன மரத்துண்டுகள் கொடுத்தாயிற்று. கழுத்தும் சேர்ந்துவிட்டது. நாளை தந்தி ஏற்ற வேண்டும். நாலு தந்தியின் இழுப்பையும் கழுத்து தாங்கினால் உண்டு. தாங்கினாலும், அவள் தொடுவாளா?

மார்ச் 28, வெள்ளி

தாங்கிவிட்டது. தந்தியை முறுக்கும் பிருடையைத் திருகத் திருக மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் 3, வியாழன்

கொண்டுபோய்க் கொடுத்தேன். பெட்டியைத் திறக்கவே இல்லை.

“உன்னை யாரு ஒட்டச் சொன்னா? இனி இதைப் பார்த்துப் பார்த்துச் சாகணுமா?”

மாப்பிள்ளை சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். நல்லது செய்கிறேன் என்று அவளை இன்னும் நோகடித்துவிட்டேனோ? வரும் வழியெல்லாம் அதே நினைப்பு. எனக்கு வேலை தெரியும், அவளுக்கு வலி தெரியும். நான் அவளைக் கேட்டிருக்க வேண்டும்.

ஏப்ரல் 10, வியாழன்

போன் இல்லை. நானும் செய்யவில்லை.

ஏப்ரல் 19, சனி

காலையில் தங்கை போன் செய்தாள். நலமா, சாப்பிட்டாயா, ஒன்றும் கிடையாது.

“என்னண்ணா வேலை பண்ணி வச்சிருக்கே? தந்தி இவ்வளவு உயரத்துல நிக்குது. சுண்டுவிரலால அழுத்தவே முடியல.”

தந்திகளைத் தாங்கும் அந்தக் குதிரையை நான் அளவு பார்த்து வைத்தேன். ஒரு நூல்கூடத் தப்பில்லை. வேறு யாராவது சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன்.

“கொண்டு வா, சீவித் தர்றேன்” என்றேன்.

“அங்கயே இரு, இப்பவே வர்றேன். பாதிப் பாட்டுல நிறுத்தி வச்சிருக்கேன்” என்றாள்.