வள்ளப்பலகையில் ஒட்டாத மைக்கா

பக்கத்து வீட்டு அடுக்களையில் நேற்றிலிருந்து மைக்கா ஒட்டுகிறார்கள். பசையின் நெடி மதிலைத் தாண்டி வந்து என் மூக்கிலேயே உட்கார்ந்துகொண்டது. காலையில் அந்த வீட்டுப் பெண் வந்து, "அக்கா, பழைய அலமாரிக்குக் கதவை மட்டும் புதுசாக்கினா போதுமா, இல்ல முழுசா மாத்தணுமா?" என்று கேட்டாள். என்னிடம் போய்க் கேட்டாள் பார். எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. அடுத்த நிமிடம், இதைக் கேட்டுச் சிரிக்க நீ உயிரோடு இல்லையே என்று கண் நிறைந்துவிட்டது. பாவம், அவள் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தாள்.

கடப்புறத்து வீட்டைக் கடல் எடுத்த பிறகு நீங்கள் செங்கல் ஊரில் எங்கள் பக்கத்து வீட்டில் குடிவந்தீர்கள். உன் வீட்டுக்காரர் கட்டில்களைக்கூட அங்கேயே கொடுத்துவிட்டு, தன் பழைய மீன்பிடி வள்ளத்தைப் பிரித்துப் பலகைகளை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். அவற்றைக்கொண்டு அடுக்களை மேடைக்குக் கீழே தானே அலமாரி செய்தார். தச்சுவேலைக்கும் அவருக்கும் வெகு தூரம். நாலு கதவும் நாலு தினுசாகத் தொங்கின. வள்ளத்தைக் கயிறு கோத்துத் தைத்த ஓட்டைகள் பலகையின் ஓரத்தில் வரிசையாகத் தெரியும். அதற்குள் எறும்பு போய்வரும். நான் கேலி செய்தால், "எறும்புக்கும் வீடு வேண்டாமா மக்கா" என்பார். சில வருடங்களில் ஒரு காய்ச்சல் அவரைக் கொண்டுபோய்விட்டது. அலமாரி நின்றது.

உன் மகள் செலின் கல்லூரியை முடித்து நெய்யாற்றின்கரையில் ஒரு கடையில் கணக்கெழுதப் போய்க்கொண்டிருந்தாள். அப்போதுதான் அந்தச் சம்பந்தம் வந்தது. பையன் அரசாங்க குமாஸ்தா, அவன் அம்மா ஓய்வுபெற்ற நர்ஸ். வீடு காண வருகிறோம் என்று சொல்லியனுப்பினார்கள். வீடு காண வருகிற பெண்கள் முன்னறையோடு திரும்புவார்களா? அடுக்களைக்குள் வந்து நாலு பாத்திரத்தைத் திறந்து பார்த்தால்தான் அவர்களுக்குக் கண்ட மாதிரி இருக்கும்.

"அந்த நாத்தம் பிடிச்ச பெட்டியைப் பொளிச்சுக் களையும்மா. வாறவிய மூக்கைப் பொத்துவாவ," என்றாள் செலின். அவளைக் குறை சொல்ல முடியாது. வெயில் ஏறினால் அந்தப் பலகையிலிருந்து பழைய மீன்வாடை கிளம்பத்தான் செய்யும். ஆனால் பெட்டி என்று அவள் சொன்னதுதான் உன்னைக் குத்தியது. அப்பாவைப் பற்றி அவள் வாய் திறந்து வெகுகாலம் ஆகியிருந்தது.

அன்று வேலிக்கு அருகில் வந்து என்னிடம் சொன்னாய்: "எனக்க கண்ணு முன்னே அதைப் பிளந்து அடுப்பில வைக்க என்னால ஒக்காது மக்கா. ஆனா இந்தப் பலகையால பிள்ளைக்க கல்யாணம் முடங்கினா, நான் என்ன செய்ய?"

கொல்லயில் ஊரிலிருந்து வந்த ஆசாரி இரண்டு வழி சொன்னார். எல்லாவற்றையும் கழற்றிவிட்டு பிளைவுட்டில் புதிதாகச் செய்யலாம்; அல்லது பெட்டி அப்படியே கிடக்கட்டும், முகத்துக்கு மட்டும் மைக்கா ஒட்டலாம். நீ இரண்டாவதைப் பிடித்துக்கொண்டாய். செலின் அரைமனதாகத் தலையாட்டினாள். ஒட்டி முடித்ததும் வெள்ளை வெளேரென்று ஆஸ்பத்திரி அலமாரி மாதிரி இருந்தது. "கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு," என்றாய். உன் முகம் அப்படிச் சொல்லவில்லை.

வள்ளத்துக்கு மீனெண்ணெய் பூசிப்பூசி ஊறவைப்பார்கள் என்பது உனக்குத் தெரியும், ஆசாரிக்குத் தெரியாது. எண்ணெய் ஊறிய மரத்தில் பசை நிற்காது என்பது ஆசாரிக்குத் தெரியும், உனக்குத் தெரியாது. இரண்டு பேரும் பேசிக்கொண்டதெல்லாம் சாயைக்குச் சீனி போதுமா என்பதைப் பற்றித்தான்.

அவர்கள் வந்த நாளன்று நல்ல வெயில். போதாக்குறைக்கு விடிந்ததிலிருந்து அடுப்பு எரிந்தது. பலகை வியர்க்க ஆரம்பித்து, நடுக்கதவின் மைக்கா பப்படம் போல உப்பியது. விருந்தாளிகளின் குரல் முற்றத்தில் கேட்டதும் நீ போய் அதன்மேல் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டாய். பையனின் அம்மா உள்ளே வந்தாள். நீ அசையவில்லை. தண்ணீர் எடுத்துக் கொடுத்ததும் நான், நாற்காலி போட்டதும் நான். வீட்டுக்காரி யார் என்று அவளுக்கே சந்தேகம் வந்திருக்கும்.

"இங்ஙன வந்து இரியுங்கோ, எதுக்கு நிக்கியது?" என்று அவள் கேட்டாள்.

"எனக்கு நிக்கியதுதான் பழக்கம்," என்றாய்.

அவள் நல்ல மனதோடுதான் உன் கையைப் பிடித்து இழுத்தாள். நீ ஓரடி நகர்ந்ததும் மைக்கா மேலிருந்து உரிந்து, மடங்கி, சத்தத்தோடு தரையில் விழுந்தது. உள்ளேயிருந்து கறுத்த பலகையும் தையல் ஓட்டைகளும் வெளியே வந்தன. கூடவே வாடையும் வந்தது.

"இது என்ன பலகை?"

 நான் ஏதாவது புளுகலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அதற்குள் வாசற்படியில் சாயைத் தட்டோடு நின்ற செலின் சொன்னாள்: "அது எங்க அப்பாவுக்க வள்ளமாக்கும். அப்பாவே செய்த அலமாரி. மேல ஒட்டினதுதான் எங்க மடத்தனம்."

அந்த அம்மாள் ஓட்டைகளை விரலால் தடவிப் பார்த்தாள். "ஓ," என்றாள். சாயை குடித்தாள். சொல்லியனுப்புகிறோம் என்று போய்விட்டார்கள். அந்த முகத்திலிருந்து நல்லதையோ கெட்டதையோ என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. எனக்கு ஆசாரிமேல் கோபம், மைக்காமேல் கோபம், நல்ல மனதோடு கையைப் பிடித்து இழுத்தவள்மேலும் கோபம். உன்னைத் தேற்றலாம் என்று அடுக்களைக்குத் திரும்பினால், நீ தரையில் உட்கார்ந்து மற்ற கதவுகளின் மைக்காவையும் கத்தியால் நெம்பி உரித்துக்கொண்டிருந்தாய்.

"மக்கா, சம்பந்தம் போச்சுதுன்னா?" என்றேன்.

"போனா போட்டும். அவரு செத்தபெறவு அவ அப்பான்னு சொல்லி நீ கேட்டதுண்டா? நான் கேக்கல்ல. இன்னைக்கு ரெண்டு மட்டம் அப்பான்னு சொன்னா மக்கா."

அடுத்த வாரம் பையன் வீட்டிலிருந்து நல்ல பதில் வந்தது. கல்யாணமும் நடந்தது. ஆனாலும் உன்னை நினைத்தால் கல்யாணப் பந்தலில் பட்டுச்சேலையோடு நின்ற நீ எனக்கு வருவதில்லை. பதில் எதுவும் வராத அந்த மத்தியானம், கையெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கோடு, பின்புறத்தில் மகள் சாயை கிளாஸ் கழுவும் சத்தத்தைக் கேட்டபடி சிரித்துக்கொண்டிருந்தாயே, அந்த நீதான் வருகிறாய்.