கிரியான்சா என்ற சொல்

லா சப்பல், திங்கட்கிழமை

மகளுக்கு,

அன்புள்ள என்று எழுத இன்றைக்குக் கை வரவில்லை.

நேற்று உன் வருங்கால மாமனார் வீட்டு விருந்தில் எனக்கும் ஒரு கிளாஸ் வைத்தார்கள். அம்மாவுக்கு வைன் பற்றி ஒன்றும் தெரியாது, ஜூஸ் போதும் என்று பிரெஞ்சில் சொல்லி நீ சிரித்தாய். திரும்பி வரும்போது அப்பா, "விடுமப்பா, பிள்ளை தெரியாமல் சொல்லிப்போட்டுது" என்றார்.

தெரிந்துதான் சொன்னாய். பதினாறு வருடமாக நான் ஸ்பானிய ரெஸ்டோரண்டில் வேலை செய்கிறேன். முதலில் கோப்பை கழுவினேன். இப்போது புதுப் போத்தல் வந்தால் முதலாளி என்னிடம்தான் நீட்டுகிறார். நான் விழுங்குவதில்லை. வாயில் வைத்துத் துப்பிவிட்டுச் சொல்வேன்.

ஆகவே கேள். அல்பரீஞ்ஞோ வெள்ளை வைன், புளிப்பானது, மீனுக்கு ஏற்றது. ஹெரெஸ் ஊரின் ஃபினோவில் இனிப்பே கிடையாது. குளிரவைத்து ஒலிவ் காயோடு குடிப்பார்கள். அதைத்தான் உன் மாமனார் கேக்கோடு ஊற்றினார். நான் ஜூஸைக் குடித்துக்கொண்டு பார்த்திருந்தேன்.

அதற்கு முன், இறைச்சி வந்தபோது, ரியோகா சிவப்பு வைனைத் தூக்கிக் காட்டி, கிரியான்சா என்பது திராட்சையின் பெயர் என்று விளக்கினார். நீயும் தலையாட்டினாய். அது திராட்சை இல்லை. ஒரு வருடமாவது மரப்பீப்பாயில் வைத்துப் பக்குவப்படுத்திய வைனை அப்படிச் சொல்வார்கள். ஸ்பானிய மொழியில் அந்தச் சொல்லுக்கு வளர்ப்பு என்று அர்த்தம்.

அவரைத் திருத்த நா நுனிவரை வந்தது. ஆனால் உன்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்தச் சொல்லைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

அம்மா