நான் அழித்த எட்டுக் கிலோமீற்றர்

எப்போதும் எனக்கு ஒரு வளைவு முன்னால் போகிற என் தர்சிக்கு,

இங்கே திராட்சை பழுத்துவிட்டது. நீ போனது மாசிப் பனியில். பிறகு பனி கரைந்தது, மரங்கள் இலை விட்டன, இப்போது அதே இலைகள் சிவக்கின்றன. இதெல்லாம் நடந்தபோது நான் எங்கே நின்றேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. வேலைக்குப் போனேன், வந்தேன். மொன்ட்ரியாலில், கோட்-டெ-நெய்ஜ் வீட்டில் உன் சைக்கிள் இன்னும் கதவடியில்தான் நிற்கிறது. அதுவும் நானும் ஒருவரை ஒருவர் இடிக்காமல் பழகிக்கொண்டோம்.

உனக்கு ஒரு பிழை செய்துவிட்டேன். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். மற்ற ஆட்களும் வாசிக்கட்டும். தனியாக உன்னிடம் சொல்லத் தைரியம் வரவில்லை.

போன இலையுதிர் காலத்தில் நாங்கள் இரண்டு பேரும் டன்ஹம் பக்கம் சைக்கிள் ஓடிய பாதை ஞாபகமா? திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவால் இறங்கி, ஆற்றுப் பள்ளத்தாக்கைச் சுற்றி வருகிற, சரளைக்கல் போட்ட கிரவல் பாதை. "ஊரில கிரவல் ரோட்டுக்குத் தார் போடச் சொல்லி பெட்டிசம் எழுதின ஆக்கள் நாங்கள். இஞ்ச கார் ஏறி கிரவலைத் தேடிப் போறம்" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாய். அன்று நீ முன்னால், நான் பின்னால். உன் சைக்கிளில் பூட்டிய ஜி.பி.எஸ். கருவி முழு வழியையும் ஒரு கோடாகப் பதிந்து வைத்திருந்தது.

மொன்ட்ரியால்-நோரில் பள்ளிக்கூடத்து வாகனத் தரிப்பிடத்தில் நீ சைக்கிள் பழக்கிய பெண்களுக்கு அந்தப் பாதையைத்தானே காட்டுவதாக வாக்குக் கொடுத்திருந்தாய்? ஆவணியில் அவர்களில் ஒருத்தி, சுபா, போன் பண்ணினாள்.

"அண்ணை, அக்கான்ர பாதையை எனக்கு அனுப்பி விடுறீங்களோ? நானும் விமலா அன்ரியும் போகப்போறம். நீங்களும் வாங்கோ."

"பாப்பம்" என்றேன்.

"பாக்கிறேல்லை அண்ணை. வாறீங்கள்."

அன்றைக்கே உன் கோடு இருந்த கோப்பைத் திறந்தேன். என் தொழில் உனக்குத் தெரியும். பாலங்களில் பூட்டிய சென்சார்கள் அனுப்புகிற எண்களில் இரைச்சலை நீக்கி, உண்மையான அசைவை மட்டும் எடுத்துக் கொடுப்பது. உன் கோட்டைப் பார்த்ததும் கை தன்பாட்டில் வேலை செய்யத் தொடங்கியது. நேரே போக வேண்டிய இடத்தில் சுற்றிப் போயிருந்தாய். ஒரு தோட்டத்துக்குள் நுழைந்து வெளியே வந்திருந்தாய். ஆற்றோரம் முழுக்கக் கோடு முன்னால் போய், பின்னால் வந்து, மறுபடி முன்னால் போய், பின்னிய தலைமயிர் மாதிரித் தடித்துக் கிடந்தது. மரங்களுக்குக் கீழே செய்மதி தடுமாறியிருக்கும் என்று நினைத்தேன்.

எல்லாவற்றையும் துடைத்தேன். அறுபத்தொரு கிலோமீற்றர் ஐம்பத்து மூன்றாகியது. அதே பெயரில் சேமித்தேன். கணினியில், போனில், உன் கணக்கில், எல்லா இடத்திலும் பழையது போய்ப் புதியது வந்தது. வடிவான கோடு. மாசிக்குப் பிறகு முதல் தடவையாக ஒரு வேலையைச் சரியாக முடித்தேன் என்று இருந்தது.

போன ஞாயிறு மூன்று பேரும் போனோம். உன் சைக்கிளைச் சுபாவிடம் கொடுத்தேன். "ஏறட்டோ?" என்று அவள் என்னைக் கேட்கவில்லை, சைக்கிளைக் கேட்டாள்.

ஆறாவது கிலோமீற்றரில் ஒரு மேடு. சுவர் மாதிரி. விமலா அன்ரி இறங்கித் தள்ளினார். ஐம்பத்திரண்டு வயதில் உன்னிடம் சைக்கிள் பழகிய மட்டக்களப்பு மனிசி, தள்ளத் தள்ள வாய் மட்டும் ஓயவில்லை.

"மகன், தர்சி எனக்கு மேடே இல்லாத பாதை எண்டுதானே சொன்னவ? இது என்ன, கோணேசர் மலையா?"

இந்த மேட்டைத் தவிர்க்கத்தான் நீ சுற்றிப் போனாய் என்று அப்போதுதான் தெரிந்தது.

பதினைந்தாவதில் எல்லாருடைய தண்ணீரும் முடிந்தது. திராட்சை வரிசைகளுக்கு அப்பால் ஒரு கூரை தெரிய, அன்ரி கேட்காமலே உள்ளே திருப்பினார். சுபா பின்னால் போய் உன் சைக்கிள் மணியை அடித்தாள். கொடிகளுக்குள் குனிந்து குலை வெட்டிக்கொண்டிருந்த தோட்டக்கார மதாம் அந்தச் சத்தத்துக்குச் சட்டென்று நிமிர்ந்தார், முகமெல்லாம் சிரிப்பு. எங்களைப் பார்த்தார். எங்களுக்குப் பின்னாலும் பார்த்தார். இன்னொரு ஆளைத் தேடி.

மணியுடைய பெண் எங்கே என்று பிரெஞ்சில் கேட்டார். எனக்கு அந்த மொழியில் வேலைக்குப் போகும் அளவுக்குச் சொற்கள் இருக்கின்றன. இதற்கு ஒன்றும் இல்லை. நீ இல்லை என்று சுபாதான் சொன்னாள். மதாம் கத்தரியைக் கீழே வைத்து, கையுறையைக் கழற்றி, வீட்டுக்குள் போனார். தண்ணீரோடும் ஒரு போத்தலோடும் வந்தார். உன் தேசிக்காய் ஊறுகாய்ப் போத்தல். கழுவி, திராட்சை ஜாம் நிரப்பி வைத்திருந்தார். வெறும் போத்தலைத் திருப்பிக் கொடுக்கக்கூடாது என்று நீ சொல்லிக் கொடுத்தாயாம். நான் கேற்றடியில் நின்று ரயருக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்த பத்து நிமிடத்தில் இவ்வளவும் நடந்ததா?

அந்தத் தோட்டத்துக்குள் போய் வரும் கோட்டை நான் வெட்டி எறிந்தேன், தர்சி.

பிறகு ஆறு வந்தது. நீர் ஓடுவதே தெரியாத ஆறு. வெயில் இலைகளூடாக விழுந்து கிரவல் எல்லாம் மஞ்சளாகிக் கிடந்தது. சக்கரத்தின் கரகரப்பு மட்டும் கேட்டது, பிறகு அதுவும் தூரத்தில் வேறு யாரோ ஓடுகிற மாதிரிக் கேட்டது. நான் மிதித்தேனா, பாதைதான் என்னைக் கொண்டுபோனதா தெரியாது. ஒவ்வொரு வளைவிலும் உன் பச்சை ஜாக்கெட்டைத் தேடினேன். போன வருடம் எந்த வளைவில் திரும்பினாலும் அது கொஞ்சம் முன்னால் தெரியும். "உன்ர வேகம் இவ்வளவுதானோ?" என்று அன்று கத்தினேன். நீ சிரித்தாயே தவிரத் திரும்பிப் பார்க்கவில்லை.

இந்தமுறை வளைவுகள் எல்லாம் வெறுமையாக இருந்தன. நான் கால் ஊன்றி நின்றுவிட்டேன். எவ்வளவு நேரம் நின்றேனோ. உன் மணி கேட்டது. தர்சி, ஒரு விநாடி, ஒரே ஒரு விநாடி...

சுபா வந்துகொண்டிருந்தாள்.

"என்ன அண்ணை, நித்திரையோ? நாலாம் தரம் திரும்பி வாறன். காணேல்லை எண்டோன்ன பயந்திட்டன்."

"நாலாம் தரமோ? ஏன்?"

"அக்கா பழக்கினது. முன்னுக்குப் போற ஆள்தான் திரும்பி வந்து பாக்கோணும். ஆள் தெரிஞ்சோன்ன பேசாமத் திரும்பி ஓடீரோணும். பின்னுக்கு வாற ஆளுக்குத் தெரியக்கூடாதாம். வெக்கப்படுவினமாம்."

நான் ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பின்னிய தலைமயிர் மாதிரித் தடித்த கோடு. முன்னால் போய், பின்னால் வந்து, மறுபடி முன்னால். ஒரு செய்மதியும் தடுமாறவில்லை. அன்று எத்தனை தரம் எனக்காகத் திரும்பி வந்தாய்? இனி எண்ண முடியாது. எண்ணக்கூடிய ஒரே இடத்தை நான்தான் துடைத்தேன்.

அழுதேன். மாசியில் வராதது, கிரவல் ரோட்டில், சைக்கிள் ஹெல்மெற்றோடு. சுபா ஆற்றுப் பக்கம் திரும்பி நின்றாள். அன்ரி வந்து சேர்ந்து, என்னைப் பார்த்து, ஜாம் போத்தலைத் திறந்து, "விரலால தொட்டுச் சாப்பிடு மகன், கரண்டி இல்ல" என்றார். சாப்பிட்டேன். இனித்தது. இனித்ததை உனக்குச் சொல்லாமல் விட முடியாது.

மிச்ச வழியில் நான் முன்னால் போனேன். இரண்டு வளைவு போவேன், திரும்பி வருவேன், அன்ரியின் சிவப்புத் தொப்பி தெரிந்ததும் மறுபடி திருப்புவேன். கார் நின்ற இடத்துக்கு வந்ததும் அன்ரி சொன்னார்: "பாத்தியா சுபா, தம்பியும் என்னைப்போலதான். மெதுவாத்தான் ஓடுறார்."

இப்போது அந்த ஞாயிறின் கோடு என் திரையில் இருக்கிறது. ஆற்றின் கடைசிப் பகுதியில் தடித்து, முடிச்சு முடிச்சாக, அசிங்கமாக. துடைக்கிற பொத்தான் பக்கத்திலேயே இருக்கிறது. தொடவில்லை.

உன் எட்டுக் கிலோமீற்றரை என்னால் திருப்பி எடுக்க முடியாது. ஆனால் இதைச் செய்வேன்: மேட்டைச் சுற்றிப் போகும் வழியைக் கண்டுபிடிப்பேன். மதாமுக்கு ஊறுகாய் போடப் பழகுவேன். யாரோடு ஓடினாலும் வளைவுக்கு அப்பால் நின்றுவிட மாட்டேன், திரும்பி வருவேன், அவர்களுக்குத் தெரியாமல்.

நீ மட்டும் இனித் திரும்பி வந்து பார்க்க வேண்டாம். நான் வந்துகொண்டுதான் இருக்கிறேன்.

இப்படிக்கு,
நீ பெயர் சொல்லாமல் கூப்பிட்ட,
உன்னுடைய "இஞ்சேருங்கோ"